ட்வின் ஓக்ஸ் விசிட்டர் ப்ரோக்ராம் ரிவ்யூ: வருமானம் எல்லாம் ஒரே கல்லாவுல போட்டு வாழ்றது எப்படி இருக்கு

அமெரிக்காவுல வெர்ஜீனியா ஸ்டேட்ல லூயிசா கவுண்டின்னு ஒரு இடம், ரிச்மண்டுக்கும் சார்லட்ஸ்வில்லுக்கும் நடுவுல, சுத்தி காடும் பண்ணையும் தான். அங்க 1967லருந்து ட்வின் ஓக்ஸ்னு ஒரு கம்யூன் நடந்துட்டு இருக்கு. யாருக்கும் தனியா சம்பளம் கெடையாது, வர்ற வருமானம் எல்லாம் ஒரே கல்லாவுக்கு போகுது, சாப்பாடு தங்கற ரூம் டாக்டர் செலவு கார் எல்லாமே அந்த கல்லாவுலருந்து தான். மெம்பரா சேரணும்னா முதல்ல மூணு வாரம் விசிட்டரா தங்கி வேலை செய்யணும், அந்த விசிட்டர் ப்ரோக்ராம் பத்தின ரிவ்யூ தான் இது. தமிழ்ல இத பத்தி யாரும் வெவரமா எழுதின மாதிரி என் கண்ணுல படல, ஆனா ஐடி வேலைல அலுத்துப்போய் இந்த மாதிரி இடத்த பத்தி விசாரிக்கறவங்க நெறைய பேர் இருக்காங்க, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

நெறைய பேர் ஆசிரமம்னு நெனச்சுட்டு கேக்கறாங்க. இல்ல. குரு கெடையாது, சாமி கெடையாது, காலைல எந்திரிச்சு எல்லாரும் கண்ண மூடி உக்காரணும்னு ஒண்ணும் கெடையாது. யார் என்ன நம்பறாங்கங்கறது அவங்கவங்க இஷ்டம். கூட்டுக்குடும்பம் மாதிரியான்னு கேட்டா அதுவும் இல்ல, ஏன்னா கூட்டுக்குடும்பத்துல சாவிக்கொத்து ஒருத்தர் இடுப்புல இருக்கும், இங்க அப்படி ஒரு ஆளே கெடையாது. சுமார் நூறு பேர் வாழ்ற ஒரு சின்ன ஊரு, 450 ஏக்கருக்கு மேல நெலம், எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு தனி ரூம் உண்டு, பொது ஹால்ல படுக்கணுமோன்னு பயப்பட வேண்டாம். விசிட்டருங்களுக்கு அரோரான்னு தனி பில்டிங், மெம்பருங்க வீட்டுக்குள்ள போய் இடிச்சுக்காம இருக்கலாம், அது ஒரு நிம்மதி.

டீல் என்னன்னா வாரத்துக்கு சுமார் 42 மணி நேரம் வேலை, அதுக்கு பதிலா வாழ்க்கைக்கு வேணும்ங்கறது எல்லாம். இத கேட்டதும் "அட ஆஃபீஸ்லயும் நாப்பது மணி நேரம் தானே, இதுல என்ன லாபம்"னு தோணும். இங்க தான் விஷயமே இருக்கு. அந்த 42 மணி நேரத்துல சமையல் உண்டு, பாத்திரம் தேய்க்கறது உண்டு, குழந்தைய பாத்துக்கறது உண்டு, உடம்பு முடியாதவங்க கூட உக்காந்திருக்கறது உண்டு, மாடு கறக்கறது, தோட்டத்துல களை எடுக்கறது, கணக்கு எழுதறது, வண்டி ரிப்பேர், எல்லாமே உண்டு. வெளிய நாம ஆஃபீஸ்ல நாப்பது மணி நேரம் முடிச்சுட்டு வீட்டுக்கு வந்து செய்யற வேலைய யாரு கணக்குல எழுதறா? யாரும் எழுதறதில்ல, பெரும்பாலும் வீட்டுல இருக்கற பொம்பளைங்க தலைல போய் விழுது. இங்க அது எல்லாம் கணக்குல வருது, ஒரு மணி நேரத்துக்கு ஒரு கிரெடிட், பிசினஸ் மேனேஜ் பண்ணாலும் ஒண்ணு தான் கக்கூஸ் கழுவினாலும் ஒண்ணு தான். வாரா வாரம் லேபர் ஷீட்னு ஒரு தாள் வரும், அதுல உங்க வாரம் முழுக்க கட்டம் கட்டமா இருக்கும், எந்த வேலை எப்போன்னு. எனக்கு பிடிச்ச விஷயம்னு ஒண்ணே ஒண்ணு சொல்ல சொன்னா இந்த தாள தான் சொல்லுவேன். நூறு பேருக்கு சமைக்கற கிச்சன்ல கட்டை விரல் வலிக்க காய் நறுக்கிட்டு வந்து அந்த கட்டத்துல மணி நேரத்த குறிக்கும்போது, இதுவும் உழைப்பு தான்னு ஒரு ஊரே ஒத்துக்கிட்டு இருக்குங்கற எண்ணம் வருது பாருங்க, அத எந்த கம்பெனி அப்ரைசல்லயும் நான் பாத்ததில்ல.

இந்த கிரெடிட் சிஸ்டத்துக்கு ஒரு கதை இருக்கு. ட்வின் ஓக்ஸ ஆரம்பிச்சவங்க பி.எஃப். ஸ்கின்னர்ங்கற மனோதத்துவ நிபுணர் எழுதின நாவல படிச்சுட்டு, அதுல வர்ற ஊர் மாதிரி நிஜமாவே ஒண்ணு கட்டலாம்னு கெளம்பினவங்க. அந்த நாவல்ல யாருக்கும் பிடிக்காத வேலைக்கு கிரெடிட் ஜாஸ்தி, பிடிச்ச வேலைக்கு கம்மி. இவங்களும் ஆரம்பத்துல அப்படி தான் செஞ்சு பாத்தாங்க. கடைசில எல்லா மணி நேரமும் ஒரே மதிப்புன்னு முடிவுக்கு வந்துட்டாங்க. எனக்கு இது ரொம்ப முக்கியமா படுது, ஏன்னா வேலைக்கு வேலை ரேட் வைக்க ஆரம்பிச்சா அங்கயும் ஒரு மார்க்கெட் உருவாகிடும், எனக்கு பிடிக்காததுக்கு எவ்ளோ தர்றன்னு பேரம் வந்துடும். நாவல்ல எழுதினத விட வாழ்ந்து பாத்து கண்டுபிடிச்சது பெருசு.

அந்த 42 மணி நேர கோட்டாவ விட ஜாஸ்தி செஞ்சா அது லீவா சேருது, கம்மியா செஞ்சா கடன், அத அவங்க லேபர் ஹோல்னு சொல்றாங்க, பள்ளத்துல விழுந்துட்டான்னு அர்த்தம். 50 வயசுக்கு மேல வருஷத்துக்கு ஒரு மணி நேரம்னு வாரக் கோட்டா கொறைஞ்சுகிட்டே வருது, அது தான் அவங்க பென்ஷன். திடீர்னு ஒரு நாள் ரிட்டயர் பண்ணி வீட்டுல உக்கார வைக்காம கொஞ்சம் கொஞ்சமா எறக்கி விடறது எவ்ளோ அழகான ஏற்பாடு! இது எனக்கு அங்க போறதுக்கு முன்னாடி தெரியாது, எகனாமிக்ஸ் ஓரியண்டேஷன் அன்னிக்கு கேட்டதுலருந்து மண்டைல ஓடிகிட்டே இருக்கு. பர்சனல் சர்வீஸ் கிரெடிட்னு இன்னொண்ணு, உங்களுக்காக யாராவது தனிப்பட்ட உதவி செஞ்சா உங்க கிரெடிட்லருந்து எடுத்து அவங்களுக்கு குடுக்கலாம், காசு கை மாறாது.

ஓரியண்டேஷன் செஷன்ஸ் நெறைய இருக்கும், வேலை பத்தி ஒண்ணு, பணம் பத்தி ஒண்ணு, ஹெல்த் பத்தி ஒண்ணு, நிர்வாகம் பத்தி ஒண்ணுன்னு. எதையும் கட் அடிக்காதீங்க. நிர்வாகம் எப்படின்னா பிளானர்ஸ்னு மூணு பேர், ஆளுக்கு ஒன்றரை வருஷம், ஒரே நேரத்துல மாறாம மாத்தி மாத்தி. கீழ ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மேனேஜர். பிளானர் எடுத்த முடிவு பிடிக்கலன்னா மெம்பர்ல பாதிக்கு மேல சேர்ந்து கவுத்துடலாம். சாப்பாட்டு ஹால் பேரு ஜான்கோய், எல்லாரும் ஸீகேன்னு சுருக்கி சொல்றாங்க. அங்க ஒரு போர்டு, கிளிப்போர்டு கிளிப்போர்டா தொங்கும், யாருக்காவது ஒரு யோசனையோ கோவமோ இருந்தா தாள்ல எழுதி மாட்டிடுவாங்க, மத்தவங்க கீழ கீழ எழுதிட்டே போவாங்க. சாப்பிட்டு முடிச்சு அத நின்னு படிக்கறது எனக்கு பழக்கமாவே ஆயிடுச்சு. இன்னொண்ணு ட்ரேட் ஆஃப் கேம்னு வருஷா வருஷம் நடக்கும், அடுத்த வருஷம் எந்த வேலைக்கு எவ்ளோ மணி நேரம், எதுக்கு எவ்ளோ பணம்னு ஒவ்வொரு மெம்பரும் உக்காந்து தன் கணக்க போட்டு குடுக்கணும், எல்லாத்தையும் கூட்டி தான் பட்ஜெட். தோட்டத்துக்கு ஜாஸ்தி வேணும்னா வேற எங்கருந்தோ கொறைச்சாகணும், அத நீங்களே தான் கொறைக்கணும். ஒரு பட்ஜெட்ல கை வச்சு பாத்த அனுபவம் நம்மள்ல எத்தன பேருக்கு இருக்கு?

சாப்பாடு நல்லா இருந்துச்சு, வெஜிடேரியன் வீகன் எல்லாருக்கும் உண்டு, டோஃபு, அதாவது சோயா பால்ல செய்யற பன்னீர் மாதிரி ஒண்ணு, நெறைய. ரூம் சாதாரணம். துணிக்கு பொதுவா ஒரு துணி லைப்ரரி, வேணுங்கறத எடுத்துக்கலாம். கார் எல்லாம் பொது, முன்கூட்டியே எழுதி வைக்கணும். டவுனுக்கு தெனமும் ஒருத்தர் போய் எல்லாருக்கும் வேணுங்கறத வாங்கிட்டு வருவாங்க, நூறு பேர் நூறு தடவ வண்டி எடுக்க வேண்டாம். தனிமை விரும்பிகளுக்கு காடு இருக்கு, பக்கத்துல சவுத் அன்னா ஆறு இருக்கு.

இப்ப காசு விஷயம். இத நெறைய பேர் தப்பா புரிஞ்சுகிட்டு போறாங்க, முதலாளித்துவத்துலருந்து தப்பிச்சு ஒரு தீவுக்கு போறோம்னு. இல்லங்க. உள்ள பங்கு போடறதுக்கு வெளிய சம்பாதிச்சாகணும். இவங்க பல வருஷம் ஹேமக், அதாவது கயித்துல பின்ற தொங்கு படுக்கை, செஞ்சு வித்தாங்க, பெரிய கஸ்டமர் பியர் ஒன் இம்போர்ட்ஸ்ங்கற சில்லறை கடை செயின். 2004ல அந்த ஆர்டர் நின்னு போச்சு. ஒரே ஒரு கஸ்டமர் போனதும் ஊரோட வருமானத்துல பெரிய ஓட்டை. டோஃபு 1991லருந்து செய்யறாங்க, அது அப்புறம் பெருசா வளர்ந்துச்சு, புத்தகத்துக்கு பின்னாடி வர்ற இண்டெக்ஸ் தயார் பண்ணி குடுக்கற வேலையும் உண்டு, காய்கறி விதை வேலையும் உண்டு. விதைல பக்கத்துல ஏகார்ன்னு இவங்க தங்கச்சி கம்யூன் ஒண்ணு 1993ல ஆரம்பிச்சது, அவங்க நடத்தற சதர்ன் எக்ஸ்போஷர் சீட் எக்ஸ்சேஞ்ச்ங்கற விதை கம்பெனிக்காக வளக்கறாங்க. 2024 மார்ச்ல காட்டுத்தீ வந்து ஹேமக் தொழில் நடந்த கட்டடங்கள எரிச்சுட்டு போயிடுச்சு. அம்பது வருஷத்துக்கு மேல இவங்க அடையாளமா இருந்த தொழில், ஒரே நாள்ல.

ஆனா இதுல ஒண்ணு கவனிங்க. மொத்த வேலை நேரத்துல பாதிக்கும் கம்மியா தான் காசு வர்ற வேலைக்கு போகுது, மிச்சம் எல்லாம் சமையல் தோட்டம் மாடு குழந்தைன்னு வாழ்க்கைக்கு போகுது. அதாவது வெளி மார்க்கெட்டோட தொடர்ப அறுக்கல, அத சின்னதாக்கி வச்சிருக்காங்க. எல்லாத்தையும் தானே விளைய வச்சு தானே செஞ்சுக்கற கனவு நான் நம்பறதில்ல, இந்த கணக்கு நம்பற மாதிரி இருக்கு. ஏன் கம்மி காசுல ஓடுதுன்னா நூறு பேருக்கு நூறு கிச்சன் இல்ல, நூறு கார் இல்ல, நூறு வாஷிங் மெஷின் இல்ல. டாக்டர் செலவுக்கும் ஃபெடரேஷன் ஆஃப் ஈகாலிட்டேரியன் கம்யூனிட்டீஸ்னு 1976ல ஆரம்பிச்ச கூட்டமைப்பு இருக்கு, பெரிய மருத்துவ செலவு வந்தா தாங்கறதுக்கு அந்த கம்யூன்கள் எல்லாம் சேர்ந்து ஒரு நிதி வச்சிருக்காங்க.

வரி பத்தி ஓரியண்டேஷன்ல சொன்னது எனக்கு ரொம்ப சுவாரசியம், டாக்ஸ்னா ஓடிப்போறவங்க இந்த பத்திய தாண்டிடுங்க. அமெரிக்க வருமான வரி சட்டத்துல 501 டின்னு ஒரு பிரிவு, 1936ல போட்டது, பொது கஜானா வச்சு வாழ்ற மத சமூகங்கள மனசுல வச்சு. கம்யூனுக்கு கம்பெனி வரி கெடையாது, லாபத்த மெம்பர் தலைக்கு பங்கு போட்டு, அந்த பங்கு கைக்கு வந்தாலும் வராட்டியும் அவங்கவங்க வருமானமா காட்டணும். ட்வின் ஓக்ஸ் இந்த பிரிவுல வராது, மெம்பருங்க சொத்த எல்லாம் துறக்கறதா சத்தியம் பண்ணலையேன்னு வரித்துறை சண்ட போட்டுச்சு. 1986ல டாக்ஸ் கோர்ட்டு, சத்தியம் எல்லாம் தேவையில்ல, பொது கஜானா இருக்கு இல்ல அது போதும்னு ட்வின் ஓக்ஸ் பக்கம் தீர்ப்பு குடுத்துச்சு. மத்த சின்ன கம்யூன்களும் இன்னிக்கு மூச்சு விடறதுக்கு இந்த தீர்ப்பு ஒரு காரணம்னு நான் நெனைக்கறேன், தலைக்கு வர்ற பங்கு கம்மிங்கறதால வரியும் ரொம்ப கம்மியா போயிடுது.

சரி, குறைகள். இதுல நான் சுத்தி வளைக்க விரும்பல.

கைச்செலவுக்கு மாசத்துக்கு சுமார் நூறு டாலர் தான். சோறு துணி எல்லாம் இருக்கறதால உள்ள இருக்கற வரைக்கும் அது போதும், நெஜமாவே போதும். ஏற்கனவே நீங்க சேத்து வச்ச சொத்து உங்களுது தான், எழுதி குடுக்க சொல்ல மாட்டாங்க, ஆனா மெம்பரா இருக்கற வரைக்கும் அத தொடாம உறைய வச்சிடணும், அதுலருந்து வர்ற வருமானம் பொது கல்லாவுக்கு. வெளிய வாங்கின கடன கம்யூன் ஏத்துக்காது, ஸ்டூடண்ட் லோன் இருந்தா அதுக்கு வழி பண்ணிட்டு தான் வரணும். குழந்தை வளக்கற நேரமும் செலவும் எல்லாரும் சேர்ந்து சுமக்கறதால பெத்துக்கறதுக்கு முன்னாடி கம்யூன் கிட்ட பேசி சம்மதம் வாங்கணும், இத கேட்டு ஒரு சிலர் முகம் சுளிச்சாங்க, எனக்கு நியாயம் புரிஞ்சுது ஆனா ஏத்துக்க கஷ்டமா தான் இருந்துச்சு.

எல்லாத்த விட பெரிய கேள்வி, வெளிய வந்தா என்ன ஆகும். பத்து வருஷம் உழைச்சு வெளிய வந்தாலும் நெலத்துலயோ பிசினஸ்லயோ உங்களுக்கு பங்குன்னு ஒண்ணும் கெடையாது. இது ஏமாத்து இல்ல, சேரும்போதே தெளிவா சொல்லிடறாங்க, பொதுச் சொத்துன்னா அப்படி தான் இருக்க முடியும், ஒவ்வொருத்தரும் போகும்போது பங்க பிரிச்சு எடுத்துட்டு போனா ரெண்டே தலைமுறைல நெலம் காணாம போயிடும். கனடால ஹட்டரைட்னு ஒரு கிறிஸ்தவ சமூகம், நூத்துக்கணக்கான வருஷமா பொதுவுடைமையா வாழ்றவங்க, அவங்க காலனிலருந்து வெளியேத்தப்பட்ட சிலர் சொத்துல பங்கு கேட்டு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனாங்க, 1970ல கோர்ட்டு பங்கு கெடையாதுன்னு சொல்லிடுச்சு. அது மத அடிப்படையிலான காலனி, ட்வின் ஓக்ஸ் மதம் இல்லாத இடம், ஆனாலும் வெளிய வர்றவங்க நெலம ஒண்ணு தான். இதுக்கு மேல சோஷியல் செக்யூரிட்டி, அதாவது அமெரிக்க அரசாங்க பென்ஷன். 501 டி மெம்பரோட பங்க சட்டம் டிவிடெண்டா தான் பாக்குது, சம்பளமா பாக்கல. டிவிடெண்டுக்கு சோஷியல் செக்யூரிட்டி வரி பிடிக்கறதில்ல, அதனால அந்த பென்ஷனுக்கான கிரெடிட்டும் (லேபர் கிரெடிட் வேற, இது வேற) சேராது. பென்ஷனுக்கு 40 கிரெடிட் வேணும், அது பத்து வருஷ சம்பள வேலை. முப்பதுல உள்ள போய் அம்பத்தஞ்சுல வெளிய வர்ற ஒருத்தர் இந்த கணக்க போட்டு பாத்துட்டு தான் போகணும்.

நிறுவனர்கள்ல ஒருத்தரான கேட் கின்கேட் பிற்காலத்துல ட்வின் ஓக்ஸ விட்டு வெளிய வந்து பக்கத்துல மினரல்ங்கற ஊர்ல தனி வீட்டுல இருந்தாங்க. உடம்பு ரொம்ப முடியாம போனப்ப திரும்ப கூட்டிட்டு வந்து வச்சு பாத்துக்கிட்டாங்க, 2008ல அங்கயே இறந்தாங்க. இத படிச்சப்ப எனக்கு மனசு நெறைஞ்சுது, அதே சமயம் ஒரு கேள்வியும் வந்துச்சு. அவங்களுக்கு கெடைச்சது ஊரோட அன்பு, விதியில எழுதின உரிமை இல்ல. அன்பு இருந்தா கூப்பிடுவாங்க. எல்லாருக்கும் அந்த அன்பு அதே அளவு இருக்கும்னு எப்படி நம்பறது?

கிபுட்ஸ பாருங்க, இதே மாதிரி எல்லாத்தையும் பொதுவா வச்சு வாழ்ற இஸ்ரேல் ஊருங்க. இஸ்ரேல்ல டெகானியான்னு முதல் கிபுட்ஸ் 1910ல ஆரம்பிச்சது, ட்வின் ஓக்ஸ்ல ஒரு பில்டிங்குக்கே அந்த பேர தான் வச்சிருக்காங்க. எல்லாருக்கும் சமமா பங்குங்கறது அங்க பல பத்து வருஷம் ஓடுச்சு. 1980கள்ல கடன் நெருக்கடி வந்து வட்டி ஏறி மூச்சு முட்டினப்ப, நெறைய கிபுட்ஸ் வேலைக்கு தகுந்த சம்பளம்னு மாறிடுச்சு, டெகானியாவே 2007ல மாறிடுச்சு. ரான் அப்ரமிட்ஸ்கின்னு ஒரு பொருளாதார பேராசிரியர் இத ஆராய்ச்சி பண்ணவர், பொதுச் சொத்து நெறைய மிச்சம் இருந்த கிபுட்ஸ் சமத்துவத்த விட்டு அவ்ளோ தூரம் விலகலன்னும், படிச்சவங்க திறமைசாலிங்க தான் வெளிய போற வாய்ப்பு ஜாஸ்தின்னும் சொல்றார். வெளிய சம்பளம் ஏற ஏற உள்ள இருக்கறதோட விலையும் ஏறுது, அவ்ளோ தான். கொள்கை உறுதி மட்டும் பத்தாது, உள்ள விட்டுட்டு போக மனசு வராத அளவுக்கு ஏதாவது இருக்கணும். ட்வின் ஓக்ஸ்ல அது பணம் இல்ல. நேரம், தனியா இல்லங்கற தைரியம், ஞாயித்துக்கிழமை ராத்திரி வயித்த கலக்காம தூங்கறது. அது எவ்ளோ பேருக்கு போதும்ங்கறது தான் இந்த மாதிரி ஊரோட ஆயுச முடிவு பண்ணும்.

இப்ப எனக்கு தனிப்பட்ட முறைல பெருசா பட்ட விஷயத்துக்கு வர்றேன். அங்கருந்து அக்காவுக்கு போன் பண்ணி எல்லாத்தையும் சந்தோஷமா சொல்லிட்டு இருந்தேன், லேபர் ஷீட்டு, அம்பது வயசு பென்ஷன், எல்லாம். பொறுமையா கேட்டுட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டா. "நல்லா தான்டா இருக்கு. அப்போ அம்மா மருந்துக்கு யாரு அனுப்புவா?" எனக்கு பதில் இல்ல. மாசம் நூறு டாலர்ல என்ன அனுப்ப முடியும்? இந்த ஏற்பாட்டுல பங்கு போடறது வேலி வரைக்கும் தான். வேலிக்குள்ள இருக்கற முன்பின் தெரியாத ஒருத்தரோட அறுவை சிகிச்சைக்கு என் உழைப்பு போகும், அது எனக்கு முழு சம்மதம், ஆனா வேலிக்கு வெளிய என்ன பெத்தவங்களுக்கு போகாது. வீட்டுக்கு காசு அனுப்பற யாரா இருந்தாலும், எந்த நாட்டுலருந்து வந்தவங்களா இருந்தாலும், இந்த இடத்துல முட்டிக்கிட்டு நிப்பாங்க. அங்க ஏன் பெரும்பாலும் வெள்ளைக்காரங்களாவே இருக்காங்கன்னு கேக்கறவங்களுக்கு முழு பதில் இது இல்ல, ஆனா இதுவும் ஒரு பகுதின்னு உறுதியா சொல்லுவேன். யாரையும் தாங்க வேண்டிய அவசியம் இல்லாதவங்களால தான் சம்பளத்த முழுசா விட முடியுது. கம்யூன் கல்லாவுல மெம்பர் பெத்தவங்களுக்குன்னு ஒரு சின்ன பங்கு ஒதுக்கினா என்ன? ட்ரேட் ஆஃப் கேம்ல ஒரு வரி சேத்தா போதுமே. இத அங்க ஒருத்தர் கிட்ட கேட்டேன், கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு "எழுதி போர்டுல மாட்டுங்க"ன்னார். மாட்டிட்டு தான் வந்தேன்.

யாருக்கு சிபாரிசு பண்ணுவேன்னா, படிப்ப முடிச்சுட்டு கடன் இல்லாம வீட்டுல பொறுப்பு ஏறாம இருக்கற இருவது சொச்ச வயசுக்காரங்களுக்கு கண்ண மூடிட்டு சிபாரிசு பண்ணுவேன், அஞ்சு வருஷம் இருந்துட்டு வந்தாலும் வேற மனுஷனா வருவாங்க. அம்பத தாண்டி, ஏற்கனவே சோஷியல் செக்யூரிட்டிக்கு 40 கிரெடிட் சேத்து முடிச்சு, பசங்க செட்டில் ஆகி, தனியா இருக்கறவங்களுக்கு இன்னும் அழுத்தமா சொல்லுவேன், வயசானப்ப ஒரு சாப்பாட்டு மேசைல பக்கத்துல ஆள் இருக்கறது சாதாரண விஷயம் இல்ல. நடு வயசுல, குழந்தை குட்டி, வீட்டு லோன், ரெண்டு பக்கமும் பெத்தவங்கன்னு இருக்கறவங்க விசிட்டரா மட்டும் போய்ட்டு வாங்க. ஹெச்-1பி விசாவுல இருக்கறவங்க மெம்பரா சேர முடியாது, அந்த விசா ஸ்பான்சர் பண்ற கம்பெனி வேலைக்கு மட்டும் தான், விசிட்டர் ப்ரோக்ராம்லயே வேலை கணக்கு இருக்கறதால அதுக்கும் முன்னாடி ஒரு இமிக்ரேஷன் வக்கீல் கிட்ட கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

போறவங்க கவனிக்க வேண்டியது ரெண்டு மூணு. முன்னாடியே எழுதி போட்டு தேதி வாங்கணும், நெனச்ச வாரம் போய் நிக்க முடியாது. மூணு வாரம் முடிஞ்சதும் கெளம்பிடணும், நீங்க இல்லாதப்ப மெம்பருங்க கருத்து சொல்லி தான் சேக்கலாமா வேண்டாமான்னு முடிவு ஆகும், அதனால யாரையும் கவர் பண்ண பாக்காதீங்க, வேலைய ஒழுங்கா செய்ங்க, ஒத்துக்கிட்ட ஷிஃப்டுக்கு நேரத்துக்கு போங்க, அது தான் பேசும். சேத்துக்கிட்டாலும் முதல் ஆறு மாசம் ப்ரொவிஷனல் தான். டோஃபு ஷிஃப்டு கேட்டு வாங்கிக்கோங்க, ஈரத்துலயும் ஆவியிலயும் பூட்ஸ் போட்டு நின்னு கஷ்டப்பட்டு செய்யற வேலை, ஆனா அந்த ஊருக்கு காசு எங்கருந்து வருதுன்னு உடம்புக்கு புரியும். மூணு வாரம் லீவு கெடைக்காதவங்களுக்கு சனிக்கிழமை டூர் இருக்கு, முன்கூட்டி புக் பண்ணிட்டு போகலாம்.

ரேட்டிங் கேட்டா விசிட்டர் ப்ரோக்ராமுக்கு அஞ்சுக்கு அஞ்சு குடுப்பேன், ஒளிவு மறைவு இல்லாம எல்லா கேள்விக்கும் பதில் சொன்னாங்க. மெம்பர் ஆகறதுக்கு, இன்னிக்கு என் நெலமைல, அஞ்சுக்கு மூணு. அக்காவும் நானும் சேர்ந்து அம்மாவோட செலவுக்கு தனியா ஒரு தொகை போட ஆரம்பிச்சிருக்கோம், அது ஒரு அளவுக்கு வந்ததும் மிசௌரில ஈஸ்ட் விண்ட்னு இதே கூட்டமைப்புல ஒரு கம்யூன் இருக்கு, நட் பட்டர் செஞ்சு விக்கறவங்க, அங்கயும் விசிட்டரா போகறதா இருக்கேன். ஏகார்ன்லயோ ஈஸ்ட் விண்ட்லயோ தங்கினவங்க யாராவது இத படிச்சா, அங்க வெளிய போறவங்களுக்கும் வெளிய இருக்கற பெத்தவங்களுக்கும் என்ன ஏற்பாடுன்னு கீழ எழுதுங்க.